கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க

அந்தப் பைய இங்க குடுங்கக்கா, கீழ வெச்சா எவனாச்சும் மிதிப்பான். நான் மடில வெச்சுக்கறேன். காலைல வர்றப்ப இதே மடில ஒரு பக்கெட்டு, பக்கெட்டுக்குள்ள சொம்பு, சொம்புக்குள்ள சோப்பு டப்பா, மேல ஒரு தலகாணி. தலகாணிக்கு மேலதான் என்ற மூஞ்சியே தெரிஞ்சுது. அத்தனையும் எம்பொண்ணோட ஹாஸ்டல்ல எறக்கி வெச்சுட்டு வெறுங்கையோட வர்றனுங்க. சேத்தியாச்சு! காலேஜுல சேத்தியாச்சுங்கக்கா! நீங்க கோபி வரைக்குங்களா? நானும் கோபிதான். அப்ப நேரம் கெடக்குது, சொல்றேன்.

என்ற பேரு சாந்தாமணிங்க. கோபில கேட்டுப் பாருங்க, தரகு சாந்தாமணின்னா தெரியாத ஊடு இருக்காது. கல்யாணத் தரகு. உங்களுக்குப் பையன் இருக்கறாருங்களா? இருக்கறாரா! கல்யாணம்? இன்னும் ஆகலையா! இருங்க இருங்க, அதுக்கு அப்பறமா வர்றேன். மொதல்ல காலேஜ் கதைய முடிச்சிர்றேன், இல்லீன்னா எனக்குத் தலை வெடிச்சுரும்.

பன்னெண்டாவது மார்க்கு வந்த அன்னைக்கு ஆரம்பிச்சுதுங்க. எம்பொண்ணு பேரு நந்திதா. நல்ல மார்க்குத்தான். எத்தன காலேஜுக்கு அப்ளிகேசன் போடறதுன்னு ஊட்டுல பேச்சு வந்துது. எங்கூட்டுக்காரரு மஞ்ச மண்டில எடை போடறவரு, பேசறதும் எடை போட்டுத்தான் பேசுவாரு. "ஒண்ணு போடு. ஒண்ணுலதான படிக்கப் போறா"ன்னாரு. கேட்டீங்களா நியாயத்த? அப்பிடிப் பாத்தா ஒரு மாப்பிள்ளையத்தான கட்டப் போறா, ஒரே ஒரு ஜாதகத்த வாங்கி முடிச்சுரலாமா? அப்ப நான் எப்பிடிங்க பொழைக்கறது?

நான் அதையே கேட்டேன். அதுக்கு அவரு, "நான் உன்னைய மட்டுந்தான் பாத்தேன், சரின்னேன். நீ ஒம்பது பேரப் பாத்துட்டு என்னையக் கட்டுன. ரெண்டு பேரும் ஒரே சோத்தத்தான் திங்கறோம்"னு சொல்லிட்டுத் துண்ட ஒதறிட்டுப் போயிட்டாரு. மனுசன் மாசத்துல ஒருக்காப் பேசுவாரு, அதையும் இப்பிடிப் பேசுவாரு.

நந்திதா என்ன சொன்னாங்கறீங்க? "ரெண்டு போதும்மா"ன்னா. ஏன்னா அவளுக்குப் புவியியல்தான் வேணும். இந்தச் சுத்துவட்டாரத்துல பொண்ணுக சேர்ற மாதிரி ரெண்டு காலேஜுலதான் அது இருக்குதாம். எட்டாவது படிக்கறப்ப இருந்து இதே பாட்டுத்தான். மத்த புள்ளைக போனுல டான்சு பாக்கும், இவ மேப்பு பாப்பா. மேகம் எங்க இருக்குது, எங்க போகுதுன்னு பாத்துட்டே இருப்பா. துணி காயப் போடறதுக்கு முன்னால அவளக் கேட்டுட்டுத்தான் போடோணும்.

பொய் சொல்லக் கூடாதுங்க, என்ற தொழிலுக்கும் அவ ஒத்தாசைதான். ஒருக்கா ஒரு மாப்பிள்ளை ஊட்டுல "வாய்க்கா ஓரத்துல நாலு ஏக்கரா, முப்போகம்"னு அடிச்சு உட்டாங்க. நானும் பொண்ணு ஊட்டுல அப்பிடியே போய் ஒப்பிச்சுட்டு வந்துட்டேன். நந்திதா போன நீட்டறா, "ம்மா, வாய்க்கா இங்கயே திரும்பிருது பாரு. அவங்க நாலு ஏக்கராக் காடு இருக்கறது மேட்டுல. அங்க வாய்க்காத் தண்ணி ஏறவே ஏறாது"ன்னு. நேர்ல போய்ப் பாத்தா, முள்ளுச்செடியும் ஒரு ஆட்டுப்பட்டியும் நிக்குது! அன்னைலிருந்து எந்த மாப்பிள்ளை ஊடா இருந்தாலும் இவகிட்டக் காட்டிட்டுத்தான் பேச்சே எடுப்பேன். இருந்தாலும் புவியியல்னு ஒரு படிப்பான்னு எனக்கு உள்ளுக்குள்ள இருந்துச்சு. ஜாதகத்துல படிப்புங்கற எடத்துல அத எழுதுனா, "அப்பிடின்னா என்னுங்க"ன்னு கேப்பாங்க. நானே அப்பிடித்தான கேட்டேன்.

சரி, ரெண்டுன்னு சொன்னாளா? ரெண்டு ரெட்டைப்படை. சீர் தட்டு யாராச்சும் ரெட்டைப்படைல வெப்பாங்களா? அதனால இன்னொண்ணு சேத்தேன், மூணாச்சு. மூணு பேராக் கெளம்பிப் போனாலே காரியம் ஆகாதும்பாங்க, அதனால அஞ்சு. அப்பப் பாருங்க, என்ற நாத்தனா வந்து, "எம்பையன் படிச்ச காலேஜ உட்டுட்டீங்களே, எங்க காலேஜு எளப்பமா"ன்னு மூக்கால அழுகறா. அத ஒண்ணச் சேத்தா ஆறு. உடனே ஏழாக்கோணும். எதுத்தூட்டு டீச்சரம்மா ஒண்ணு சொன்னாங்க, எட்டு. எட்டுல நிறுத்துவாங்களா யாராச்சும்? இப்பிடியே ஒண்ணு சேக்கறது, அதுக்குத் தொணையா இன்னொண்ணு சேக்கறதுன்னு பதினேழுல போயி நின்னேன்.

அதுல அவ சொன்ன ரெண்ட உட்டா மத்த காலேஜுல புவியியலே கெடையாதுங்க. அதனால என்ன? குடும்பம் நல்ல குடும்பம், வேலைதான் வேற. அந்த எடத்துலயெல்லாம் பி.காம்னு போட்டேன். நந்திதா ப்ரவுசிங் சென்டர்ல உக்காந்து அடிச்சு அடிச்சு, கடைசில, "ம்மா, என்னைய எதுக்கு இத்தன பேருக்குக் காட்டற"ன்னு கேட்டா. புள்ளைக்கு வெரலு வலிச்சிருக்கும் பாவம்.

போன் நெம்பரு மட்டும் எல்லாத்துலயும் என்றதக் குடுத்தேன். பின்ன? வர்ற சம்பந்தத்துக்கெல்லாம் பொண்ணா பதில் பேசும்?

அப்பறம் ஊடு பாக்கப் போறது. அதாவது காலேஜப் பாக்கப் போறது. கம்ப்யூட்டர்ல படத்தப் பாத்துட்டு நம்ப முடியுங்களா? போட்டோவுல எல்லா மாப்பிள்ளையும் செவப்பாத்தான் இருப்பான். நானும் நந்திதாவும் பஸ்ஸு ஏறி ஏறிப் போனோம். ஐயோ அக்கா, அந்த மாதிரி ஒரு மாசம் என்ற ஆயுசுல வந்ததில்லீங்க! தெனமும் ஒரு ஊரு, தெனமும் ஒரு கேண்டீன். நான் நேரா கேட்டுக்குப் போக மாட்டேன். மொதல்ல எதுத்த கடை. மாப்பிள்ளையப் பத்தி மாப்பிள்ளை ஊட்டுல கேட்டா உண்மை வருமா? எதுத்த கடைல கேக்கோணும்.

மணிக்கூண்டு வெச்ச ஒரு காலேஜு. அதுக்கு எதுக்க ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ள போயி ஒரு பேப்பரக் குடுத்து ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லிட்டு, மெதுவா, "இவிங்க எப்பிடிங்க? பழக்க வழக்கமெல்லாம்?"னு கேட்டேன். கடைக்காரரு, "யாருங்க?"ன்னாரு. "இந்தா, எதுத்தாப்பல இருக்கறவிங்கதான். வெளிய ஜம்முன்னு இருக்குது, உள்ள எப்பிடி? கடன் கிடன்?"னு கேட்டேன். அவரு என்னையப் பாத்தாரு, காலேஜப் பாத்தாரு, ஜெராக்ஸுக்குக் காசே வாங்கலீங்க. நந்திதா அக்கட்டால மூஞ்சியத் திருப்பிட்டு நிக்கறா. கூச்ச சுபாவம், அவங்கப்பனாட்டம்.

கடைசியா அந்தப் புவியியல் காலேஜு. கோயமுத்தூர்ல. போனொடன எனக்குப் புடிச்சுப் போச்சு. மரமா இருக்குது, பாத்ரூம் குழாய்ல தண்ணி வருது, வாட்ச்மேன் "வாங்கம்மா"ங்கறாரு. அந்த டிபார்ட்மெண்ட்ல ஒரு மேடம், பெரிய உலக உருண்டைய மேசைல வெச்சிருந்தாங்க. நந்திதா பக்கத்துல போயி ஒத்த வெரல அதுமேல வெச்சா. வெச்சுட்டு என்னையத் திரும்பிப் பாத்தா பாருங்க. பொறந்ததுல இருந்து அந்தப் புள்ள எங்கிட்ட ஒரு துணி வேணும், ஒரு நகை வேணும்னு கேட்டதில்லீங்க. அன்னைக்குக் கண்ணாலயே கேட்டா. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துருச்சு.

ஆனா வெளிய காட்டிக்குவனா? எங்க தொழில்ல அதுதானுங்க மொதப் பாடம். பொண்ணு ஊட்டுக்காரங்க மூஞ்சில ஆசை தெரியக் கூடாது. தெரிஞ்சா எளக்காரமாப் போயிரும். "பரவால்லீங்க, சுமாரா இருக்குது. இன்னும் நாலஞ்சு எடம் பாக்க வேண்டி இருக்குது"ன்னு அந்த மேடத்துகிட்டச் சொல்லிட்டு வந்தேன். அவங்க முழிச்சாங்க. முழிக்கட்டும், அப்பத்தான் நம்ம மேல ஒரு மதிப்பு இருக்கும்.

ஒரு வாரத்துல போனு வர ஆரம்பிச்சுதுங்க. அந்தப் பி.காம் காலேஜுகளெல்லாம் வரிசையாக் கூப்புடுது. "உங்க பொண்ணுக்கு சீட்டு இருக்குதுங்க, எப்ப வர்றீங்க?"ங்கறாங்க. எம்பொண்ண! இத்தன பேரு! எனக்குத் தரைல காலு நிக்கல. எல்லாத்துகிட்டயும் ஒரே பதிலுதான், "ரொம்ப சந்தோசமுங்க. ஊட்டுல பெரியவங்ககிட்டக் கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க." முப்பது வருசமா இந்த வாய் இதத்தான் சொல்லுது. நல்ல எடம்னாலும் இதுதான், மோசமான எடம்னாலும் இதுதான். அவங்க மறுக்காக் கூப்புடோணும். ரெண்டாவது தரம் கூப்புட்டாத்தான் அது சம்பந்தம்.

அப்பத்தான் ஒரு திங்கக்கெழமை, திண்டுக்கல் பூட்டாட்டம் வாயே தெறக்காத ஒரு மாப்பிள்ளையோட அம்மாவ எப்பிடிப் பேச வெக்கறதுன்னு ரோசனைல இருக்கறேன், புவியியல் காலேஜுல இருந்து போனு. "நந்திதாவோட அம்மாங்களா? பொண்ணு செலக்ட் ஆயிருக்கறாங்க. வியாழக்கெழமைக்குள்ள சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துட்டு வந்து சேந்துக்கறீங்களா?"

சாமி சத்தியமா எனக்கு நெஞ்சு குதிக்குது. குதிக்கறப்பவே வாய் சொல்லுது, "ரொம்ப சந்தோசமுங்க. கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க."

செவ்வாய், புதன்லயே ஓடிப் போயி நின்னா எளக்காரமாப் போயிரும். வியாழக்கெழமை அஷ்டமிங்கக்கா! வெள்ளிக்கெழமை நவமி! அஷ்டமில கொண்டு போயிப் புள்ளையச் சேத்த முடியுமா? சனிக்கெழமை தசமி, அருமையான நாளு. அதுக்குள்ள அவிங்களும் மறுக்காக் கூப்புடுவாங்க, மரியாதையாவும் இருக்கும்னு மனசுக்குள்ள முடிச்சு வெச்சுட்டேன். நந்திதாகிட்ட மூச்சு உடல. அதுவும் தொழில் பழக்கந்தான். பேச்சு கூடி வர்றதுக்கு முன்னால பொண்ணுகிட்டச் சொன்னா அது கனாக் காண ஆரம்பிச்சுரும். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு தேத்தறது?

கூப்புடவே இல்லீங்க. சனிக்கெழமை நல்ல நேரம் பாத்து நானே எறங்கி வந்து போனப் போட்டேன். "வர்றோமுங்க, ஊட்டுல எல்லாருக்கும் சம்மதம்"னேன். அந்த ஆபீசு அம்மா நோட்டப் பொரட்டற சத்தம் கேட்டுது. அப்பறம் சொல்றாங்க, "வியாழக்கெழமை வரைக்கும் பாத்தமுங்க. நீங்க வரல. அடுத்த பொண்ணுக்குக் குடுத்துட்டோம்"னு. இன்னொரு புவியியல் காலேஜு லிஸ்ட்டுல முன்னாடியே அவ பேரு வரல. இருந்தது இந்த ஒண்ணுதான்.

ஒரு தரங்கூட மறுபடி கேக்காம அடுத்த பொண்ணப் பாத்துட்டாங்க பாருங்க! எனக்கு வந்த ஆத்திரம்! போயி நந்திதாகிட்டச் சொன்னேன். கடலக்கா உரிச்சுட்டு இருந்தா. "கண்ணு, உன்ற காலேஜுக்காரங்களுக்கு மட்டு மரியாதையே தெரியல"ன்னு எல்லாத்தையும் சொன்னேன். அவ கேட்டது ரெண்டே கேள்வி. "அவங்க என்னம்மா கேட்டாங்க?" சொன்னேன். "நீ என்ன சொன்ன?" அதையும் சொன்னேன். கடலக்காய உரிச்சுட்டே இருந்தா. உரிச்ச பருப்பையும் தொப்பைத் தோலையும் ஒரே மொறத்துல போட்டுட்டு இருந்தா. அப்பறம் எந்திரிச்சுப் போயிப் படுத்துக்கிட்டா. தலவலியா இருந்திருக்கும்.

ஒரு சத்தம் போடல, ஒரு சாமானம் எறியல. எங்கூட்டுக்காரரும் அன்னைக்கு ராத்திரி சோத்த அவரே போட்டுக்கிட்டாரு. நான்தான் பேசிட்டே இருந்தேன், பி.காம் எத்தன நல்ல படிப்புன்னு. அவ போனுல மேகம் பாக்கறத நிறுத்திட்டா. நான் துணி காயப் போட்டேன், மழ வந்து நனைஞ்சுது. அந்தத் துணியப் பாத்துட்டு நான் கொல்லைல நின்னு அழுதேன், உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

திங்கக்கெழமை காலைல மொத பஸ்ஸுல அவளே தனியாக் கெளம்பிப் போயிட்டா. அந்தப் புவியியல் காலேஜு ஆபீசுல போயி, அப்ளிகேசன்ல இருந்த என்ற நெம்பரக் கோடு போட்டு அடிச்சுட்டு அவ நெம்பர எழுதிக் குடுத்துட்டு, "எப்ப சீட்டு காலியானாலும் கூப்புடுங்க, நான் வர்றேன்"னு சொல்லிட்டு வந்திருக்கறா. பொண்ணே நேர்ல போயிக் கேக்கறதாக்கா? எங்க தொழில்ல கேள்விப்பட்டதே இல்ல.

இப்பத்தானுங்க கதையே! அந்த அடுத்த பொண்ணு இருக்குதல்ல, நம்ம சீட்டுல போயி உக்காந்துச்சே, அதுவும் பல எடத்துல அப்ளிகேசன் போட்டிருந்திருக்குது! மாட்டு டாக்டர் படிப்புக்கு எடம் கெடைச்சு இத உட்டுட்டுப் போயிருச்சு! சீட்டு காலி! இப்பச் சொல்லுங்க, அது எங்கூட்டுக்காரரு பேச்சக் கேட்டு ஒண்ணே ஒண்ணு போட்டிருந்தா நம்ம சீட்டு திரும்பி வந்திருக்குமா? நான் அன்னைக்கே சொன்னேன், நெறையப் போடோணும்னு. ஒருத்தரும் ஒத்துக்கல. இப்பவும் ஒத்துக்கலைன்னு வெச்சுக்கங்க.

நந்திதா ஆட்டுக்கல்லுல மாவு தள்ளிட்டு இருக்கறா, போனு வருது. மாவுக் கையோடயே எடுத்தா. அந்தப் பக்கம், "நந்திதாங்களா, புவியியல்ல ஒரு சீட்டு..."ங்கறாங்க, இவ "வர்றேன் மேடம்"ங்கறா. அவங்க சொல்லி முடிக்கலீங்க! என்னைக்கு வரோணும், என்ன கொண்டாரோணும், ஒண்ணுங் கேக்கல. கொஞ்சமாச்சும் பிகு பண்ணிக்க வேண்டாமா? நான் கையக் காட்டறேன், கலந்து பேசிட்டுன்னு சொல்லுன்னு. அவ என்னையப் பாத்துச் சிரிச்சா. அத்தன நாளைக்கு அப்பறம் சிரிச்சாளா, நான் காட்டுன கையக் கீழ போட்டுட்டேன்.

மிச்சமிருக்கற காலேஜுகளா? அது இன்னும் கூப்புடுது! நான் உடுவனா? "எம்பொண்ணுக்கு முடிஞ்சுதுங்க. ஆனா நல்ல பொண்ணு ஒண்ணு கைவசம் இருக்குது"ன்னு எடுத்து உட்டேன். மணிக்கூண்டு காலேஜுக்கு எங்க பால்காரரு பொண்ண முடிச்சேன். நாத்தனா சொன்ன காலேஜுக்கு டெய்லர் பையன். ரெண்டும் நல்ல எடம், ரெண்டு ஊட்டுலயும் சந்தோசம். தரகு வாங்கலீங்க, படிப்பு சமாச்சாரம்.

இன்னைக்குக் கொண்டு வந்து உட்டேன். ரூமு பாத்தேன், அந்த வார்டன் அம்மாவத் தனியாக் கூப்புட்டு எந்த ஊருன்னு விசாரிச்சேன். நல்ல குடும்பம். நந்திதாதான், "நீ கெளம்பும்மா, பஸ்ஸு கூட்டமாயிரும்"னு வெரட்டறா. ஹாஸ்டல் கேட்டுகிட்ட வந்தேன், அழுதேன். பஸ் ஸ்டாப்புல அழுதேன். பூ விக்கற பொண்ணு ஏனுங்கம்மான்னு கேட்டுது, "எம்பொண்ணு காலேஜுல சேந்துட்டா"ன்னு சொன்னேன். அதுக்கு எதுக்குங்க அழுகறீங்கன்னு ஒரு மொழம் பூவ சும்மாக் குடுத்துச்சு. இந்தா, தலைல இருக்கறது அதுதான்.

சரி, உங்க பையனுக்கு வருவோம். எத்தன எடம் பாத்திருக்கறீங்க? இருபத்தி... அடேங்கப்பா! அதுதானுங்க தப்பு. அத்தன பாத்தா எப்பிடிப் புடிக்கும்? மூணே மூணு நான் காட்டறேன், அதுல முடிங்க. ஏனுங்க சிரிக்கறீங்க? நான் என்ன சொல்லிட்டேன்?

இருங்க, போனு. அவதான்! அவளேதான்!

கண்ணு, சொல்லு சாமி! சாப்புட்டியா? ம்... ம்... கட்டலு சன்னலோரமா? அப்பறம்? ஆமா, நான் பஸ்ஸுலதான் இருக்கறேன், இப்பத்தான் அவினாசி தாண்டுச்சு. எடது பக்கம், சன்னலுக்கு அடுத்த சீட்டு. ஏன்? ... அப்பிடியா? சரி. சரி கண்ணு. ஞாயித்துக்கெழமையா? வர்றேன்! ... கேட்டுது சாமி, நீ சொல்லி முடிக்கோணுமா என்ன? வர்றேன். ஆமா. வர்றேன்.

வெச்சுட்டா. ஞாயித்துக்கெழமை பாக்க வரலாமாம். வர்றேன்னுட்டேன். என்ன திதின்னுகூடப் பாக்கல, கெடக்குது போங்க.

அக்கா, அந்த ஷட்டர எறக்கி உடுங்க. வெயிலடிச்சா என்னுங்க? நம்பியூருக்கு முன்னால மழை புடிக்குமாம். எம்பொண்ணு சொல்லியிருக்கறா, எறக்குங்க.